கேபிளைத் தொட்ட பிறகு கியர் இடிக்கிறதா? பழைய ஆட்டோமேட்டிக் வண்டிக்காரர்களுக்கு

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் சிலவற்றில் இன்னும் ஒரு கார் கொட்டகை உண்டு. உள்ளே துணி போர்த்திய பழைய வண்டி ஒன்று நிற்கும். வீட்டுக்காரர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். கல்யாணம், படைப்பு (முன்னோருக்குப் படைக்கும் குடும்ப வழிபாடு) என்று ஊருக்கு வந்தால்தான் அந்தத் துணி விலகும். அதற்கு முன்னால் யாராவது ஒரு மெக்கானிக் வந்து 'சும்மா ஒரு சர்வீஸ்' பண்ணிவிட்டுப் போவார். வம்பு அங்கேதான் தொடங்கும்.

எங்களுக்கும் அப்படித்தான். கானாடுகாத்தானில் மாமா வீட்டு வண்டி 1983 மாடல் பென்ஸ் 300டி. 5 சிலிண்டர் டீசல், 4 கியர் ஆட்டோமேட்டிக். டேப்பட் (இஞ்சின் வால்வு இடைவெளி) சத்தம் போடுகிறது என்று காரைக்குடியில் கொடுத்தோம். சத்தம் போய்விட்டது. கூடவே, "பிக்கப் கம்மியா இருந்துச்சு, கேபிளைக் கொஞ்சம் முடுக்கி விட்டுருக்கேன்" என்றார் மெக்கானிக். மறுநாள் ஆச்சியைப் பின்சீட்டில் உட்கார வைத்துப் பிள்ளையார்பட்டிக்குக் கிளம்பினோம். இஞ்சின் கத்துகிறது, கியர் மாறவே மாட்டேன் என்கிறது. மாறும்போது பின்னாலிருந்து யாரோ முட்டியதுபோல ஓர் இடி. குன்றக்குடி வருவதற்குள் ஆச்சி சொல்லிவிட்டார்: "ஏப்பா, இதுக்கு மாட்டு வண்டியே தேவலாம்."

அதைச் சரி செய்ய எனக்கு மூன்று வாரம் ஆனது. முறை தெரிந்திருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். அந்த முறைதான் இது. கையில் ஸ்பேனர் பிடித்துப் பழக்கம் இருக்கிறது, ஆனால் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பக்கம் போனதில்லை என்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

உங்கள் வண்டியில் அந்தக் கேபிள் இருக்கிறதா?

இன்றைய வண்டிகளில் இல்லை. ஏஎம்டி, சிவிடி, கம்ப்யூட்டர் பார்த்துக் கியர் மாற்றும் வண்டி எதுவானாலும் இந்தக் கட்டுரை உதவாது, ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் போங்கள். பழைய பென்ஸ், பழைய டொயோட்டா போன்றவற்றில் பானெட்டைத் திறந்து, ஆக்சிலேட்டர் இணைப்பு முடிகிற இடத்தைப் பாருங்கள். ஆக்சிலேட்டருக்கான கம்பியோ கேபிளோ ஒன்று இருக்கும். அதே இடத்திலிருந்து இன்னொரு மெல்லிய கேபிள் கிளம்பிக் கீழே கியர்பாக்ஸுக்குப் போகும். நமக்கு வேண்டியது இந்த இரண்டாவது கேபிள்தான்.

கியர் லீவரிலிருந்து போகும் கேபிளையோ ராடையோ இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது பி, ஆர், என், டி என்று நிலையைச் சொல்வதற்கு. அது விலகியிருந்தால் வேறு மாதிரி தொல்லை வரும்: டி-யில் போட்டும் வண்டி நகர யோசிக்கும், அல்லது பி-யில் ஸ்டார்ட் ஆகாமல் லீவரை ஆட்டினால் ஸ்டார்ட் ஆகும்.

கேபிள் என்ன செய்கிறது

இதை ஒருமுறை புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. கியர்பாக்ஸுக்குள் ஒரு பம்ப் ஆயிலை அழுத்துகிறது. அந்த அழுத்தம்தான் கிளட்ச் பிளேட்டுகளை இறுக்கிப் பிடிக்கிறது. எப்போது கியர் மாற வேண்டும் என்பதை இரண்டு அழுத்தங்களின் மல்லுக்கட்டு முடிவு செய்கிறது. ஒரு பக்கம் கவர்னர்: வண்டி வேகம் கூடக் கூட அதன் அழுத்தம் ஏறும், "மேல் கியருக்குப் போ" என்று தள்ளும். எதிர்ப்பக்கம் நம் கேபிள்: நீங்கள் ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறீர்கள் என்பதைச் சொல்லி, "பொறு, இவருக்கு இழுவை வேண்டும்" என்று தடுக்கும். கவர்னர் ஜெயிக்கும் நேரத்தில் கியர் ஏறும்.

கேபிளை முடுக்கினால், காலைப் பட்டும் படாமல் வைத்தாலும் கியர்பாக்ஸ் நீங்கள் ஓங்கி மிதிப்பதாக நினைத்துக்கொள்ளும். அதனால் கியர் தாமதமாக ஏறும். கேபிள் தளர்ந்தால் நேர்மாறு: சீக்கிரம் ஏறும், வெண்ணெய் மாதிரி ஏறும். சுகமாகத்தான் இருக்கும், அதில்தான் ஆபத்து. அழுத்தம் போதாமல் பிளேட்டுகள் வழுக்கிக்கொண்டே பிடிக்கும். வழுக்கினால் சூடு, சூட்டில் பிளேட் கருகும். இடிக்கிற கியர் ஆச்சியின் முதுகைத்தான் பதம் பார்க்கும், வழுக்குகிற கியர் கியர்பாக்ஸையே தின்றுவிடும். அதனால் முடுக்கிய கேபிளைத் தளர்த்தும்போது அவசரமே கூடாது.

இனி, நான் மூன்று வாரம் தொலைத்த இடம். 'தாமதம்', 'இடி' இரண்டும் ஒரே புகார் மாதிரி வாயில் வரும். ஆனால் அவற்றைத் தனித்தனியாக எழுதி வையுங்கள். கேபிள் மட்டுமே அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ளும் கியர்பாக்ஸ்களில் இரண்டும் சேர்ந்து வரும், சேர்ந்து போகும். என் பென்ஸ் மாதிரி வண்டியில் அப்படி இல்லை. எந்த வேகத்தில் கியர் மாறுகிறது என்பதைப் பெரும்பாலும் கேபிள் பார்த்துக்கொள்கிறது. எவ்வளவு முரட்டுத்தனமாக மாறுகிறது என்பதை வேக்யூம் மாடுலேட்டர் என்ற வேறோர் உறுப்பு பார்த்துக்கொள்கிறது. இது தெரியாமல் இடியை நிறுத்தக் கேபிளைத் தளர்த்திக்கொண்டே போனேன். தாமதம் போய், அதற்கும் கீழே போய், மூன்றாவது கியர் ஏறும்போது இஞ்சின் ஒரு கணம் தனியாக உறுமியது. பிளேட் வழுக்குகிற சத்தம் அது. நல்லவேளை, அத்தோடு நிறுத்தினேன்.

தொடுவதற்கு முன்

போனில் படம் எடுங்கள். கேபிளின் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் அட்ஜஸ்டரில் எத்தனை மரை வெளியே தெரிகிறது என்று எண்ணுங்கள். நகப்பூச்சோ பெயிண்டோ ஒரு பொட்டு வையுங்கள். மெக்கானிக் எத்தனை சுற்று முடுக்கினார் என்று கேட்டுப் பாருங்கள். "கொஞ்சம்தான்" என்றுதான் பதில் வரும், ஆனாலும் கேட்டு வையுங்கள். பழைய நட்டில் அழுக்குப் படியாமல் பளிச்சென்று இருக்கும் மரை பல நேரம் உண்மையைச் சொல்லிவிடும்.

அப்புறம் கியர்பாக்ஸ் ஆயில். வண்டியைப் பதினைந்து இருபது கிலோமீட்டர் ஓட்டி நன்றாகச் சூடேற்றுங்கள். சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, லீவரை எல்லா நிலைக்கும் ஒருமுறை நகர்த்தி பி-க்குக் கொண்டுவாருங்கள். இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கியர்பாக்ஸின் அளவுக் கம்பியை (டிப்ஸ்டிக்) எடுத்துத் துடைத்து மறுபடி விட்டுப் பாருங்கள். இஞ்சின் ஆயில் பார்ப்பதுபோல அணைத்துவிட்டுப் பார்த்தால் அளவு தப்பும். துடைக்க நூல் பிரியாத துணி வேண்டும், வேட்டிக் கிழிசல் வேண்டாம். ஒரு இழை உள்ளே போனால் வால்வில் சிக்கும். என் வண்டியில் கம்பியின் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையில் வெறும் 0.3 லிட்டர்தான். அதனால் குறைந்தால் 100 மில்லி, 100 மில்லியாக ஊற்றுங்கள். கூடினாலும் தப்பு. ஆயில் சிவப்பாக இருந்தால் சரி. கறுத்து, தீய்ந்த வாடை வந்தால் இந்தக் கட்டுரையின் கடைசிப் பத்திகளுக்குப் போய்விடுங்கள்.

கொட்டகையில் தரை ஆத்தங்குடிக் கல் என்றால் கீழே ஒரு தகரம் போடுங்கள். சிவப்பு ஆயில் அந்தக் கல்லில் இறங்கினால் வீட்டாரிடம் வாங்கும் பேச்சு தனிக்கதை.

கியர்பாக்ஸைக் குற்றம் சொல்வதற்கு முன் பார்க்கிற சின்ன விஷயங்கள்

முதலில் மிதியடியை எடுத்து வெளியே போடுங்கள். தடித்த தேங்காய்நார் மிதியடி மடிந்து ஆக்சிலேட்டர் பெடலில் ஏறிக்கொண்டால் பெடல் முழுதாகத் திரும்பி வராது. கேபிளும் இழுத்த நிலையிலேயே நிற்கும். ஸ்பேனரே எடுக்காமல் சரியாகும் வண்டிகள் உண்டு.

பெடலை விட்டதும் இஞ்சின் பக்கம் லீவர் முழுதாகத் திரும்பி ஐடில் நிலையில் தட்டி நிற்கிறதா? ஒருவரை உள்ளே உட்கார வைத்து, இஞ்சினை அணைத்த நிலையில் பெடலைத் தரைவரை மிதிக்கச் சொல்லுங்கள். லீவர் கடைசிவரை போகிறதா? இந்த இரண்டும் சரியில்லாமல் கியர்பாக்ஸ் கேபிளை அட்ஜஸ்ட் பண்ணுவது, சாய்ந்த சுவரில் படம் நேராக மாட்டுகிற வேலை. முதலில் ஆக்சிலேட்டர் இணைப்பை நேராக்குங்கள்.

ஐடில் வேகம் கூடுதலாக இருந்தால் என்-லிருந்து டி-க்குப் போடும்போது இடிக்கும். என் டீசலுக்கு நிமிடத்துக்கு 700-லிருந்து 800 வரை சுற்று போதும்.

பெடலின் அடியில் கிக்டவுன் சுவிட்ச் (தரைவரை மிதித்தால் கீழ் கியருக்கு இறக்குவது) இருக்கும் வண்டி என்றால் அது ஒட்டிக்கொண்டிருக்கலாம். அதன் ஒயரைக் கழற்றி டேப் சுற்றிவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். தாமதம் போய்விட்டால் குற்றவாளி அந்தச் சுவிட்ச்தான், கேபிள் இல்லை.

இடி மட்டும் இருந்து தாமதம் இல்லையென்றால், கியர்பாக்ஸ் மவுண்டிங் ரப்பர், புரோப்பல்லர் ஷாஃப்ட்டின் (கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டு போகும் தண்டு) ரப்பர் கப்ளிங் இரண்டையும் டார்ச் அடித்துப் பாருங்கள். வெடித்த ரப்பர் 'டொக்' என்று தட்டும். கியர் இடிப்பதாகவே தோன்றும். கீழே குனிவதற்கு முன் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள், வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகாதீர்கள், இஞ்சின் ஓடும்போது போகவே கூடாது.

கேபிள் அளவு

டொயோட்டா பாணி: உள்கம்பியில் ஒரு சின்ன உலோக ஸ்டாப்பர் நசுக்கிப் பொருத்தியிருக்கும். ஒருவர் பெடலை முழுதாக மிதித்துப் பிடிக்கட்டும். அப்போது கேபிள் உறையின் ரப்பர் முனைக்கும் ஸ்டாப்பருக்கும் இடையில் 0-லிருந்து 1 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். நம் ஆசாரிகள் சொல்லும் ஒரு நூல் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். அதில் மூன்றில் ஒரு பங்குக்குள் நிற்க வேண்டும் என்றால் எவ்வளவு நுணுக்கம் என்று பாருங்கள். கண்ணளவு இங்கே செல்லாது, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வையுங்கள். இரண்டு லாக் நட்டுகளையும் தளர்த்தி, அளவு வந்ததும் ஒன்றுக்கொன்று எதிராக இறுக்குங்கள். இறுக்கிய பிறகு மறுபடி அளங்கள், இறுக்கும்போது நகர்வது வழக்கம்.

பென்ஸ் பாணி: இங்கே இஞ்சினை அணைத்து, பெடலைத் தொடாமல் பார்க்க வேண்டும். கேபிளின் முனையில் ஒரு கிண்ணம் இருக்கும், அது லீவரில் உள்ள குண்டின் மேல் அமர்ந்திருக்கும். கிண்ணத்தை மெல்ல நெம்பிக் கழற்றுங்கள். பழைய பிளாஸ்டிக், பட்டென்று உடையும். கேபிளை இரண்டு விரலால் இழுங்கள். கொஞ்சம் சும்மா வரும், அப்புறம் லேசாக ஒரு தடை தட்டும். அந்தத் தடை தட்டுகிற இடத்தில் கிண்ணம் குண்டுக்கு நேர் மேலே நிற்க வேண்டும். இழுக்காமலும் தள்ளாமலும் அப்படியே உட்கார வேண்டும். குண்டை எட்ட அதற்கு மேலும் இழுக்க வேண்டியிருந்தால் கேபிள் முடுக்கமாக இருக்கிறது. தடை வருவதற்கு முன்பே குண்டு வந்துவிட்டால் தளர்வு. என் வண்டியில் கிண்ணம் குண்டுக்கு ஒரு நூல் முன்னாலேயே நின்றுவிட்டது. அதுதான் 'கொஞ்சம்'.

என் மாடலில் ஆக்சிலேட்டர் இணைப்பின் ஒரு பகுதி இஞ்சின் டாப் கவர் மேலேயே ஏறிப் போகிறது. டேப்பட் பார்க்க அந்தக் கவரைக் கழற்றியாக வேண்டும், அதனால் இணைப்பையும் கழற்றியாக வேண்டும். கேபிளை அவர் முடுக்காமலே விட்டிருந்தாலும், திரும்பப் பூட்டியபோது அளவு மாறியிருக்க வாய்ப்பு உண்டு. டேப்பட் வேலைக்குக் கொடுத்து வாங்கினால் இதைப் பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.

ஓட்டிப் பார்ப்பது

விடிகாலையில் திருச்சி–இராமேசுவரம் சாலைக்குப் போய்விடுங்கள். திருமயம் பக்கம் நேரான, ஏற்ற இறக்கம் இல்லாத நீளம் கிடைக்கும். ஊருக்குள் முயலாதீர்கள், ஆடு குறுக்கே வந்தால் அளவு போச்சு. பக்கத்தில் ஒருவர் நோட்டும் பேனாவுமாக உட்காரட்டும். கியர்பாக்ஸ் சூடான பிறகுதான் கணக்கு. ஆக்சிலேட்டரை ஒரே அளவில், லேசாக மிதித்துக் கிளம்புங்கள். ஒவ்வொரு கியர் ஏறும்போதும் ஸ்பீடோமீட்டரைச் சொல்லுங்கள், அவர் எழுதட்டும். இடியையும் ஒரு மதிப்பெண்ணாகச் சொல்லுங்கள், 0-லிருந்து 5. அதே ஓட்டத்தை மூன்று தரம். பிறகு பாதி மிதித்து மூன்று தரம்.

எங்கள் நோட்டில் முதல் நாள் இருந்தது: இரண்டிலிருந்து மூன்று, 58 கிலோமீட்டர், இடி 4. எண்ணுவதில் குழம்பாதீர்கள். என் பென்ஸ் மாதிரி சில வண்டிகள் லேசாக மிதித்தால் இரண்டாவது கியரிலேயே கிளம்பும், ஒன்று வரவே வராது. அது பழுது இல்லை.

ஒரு நேரத்தில் அரைச்சுற்று மட்டும் தளர்த்துங்கள். ஓட்டுங்கள், எழுதுங்கள். மறுபடி அரைச்சுற்று. கேபிள் சரியான அளவுக்கு வந்த நாளில் எங்கள் நோட்டு சொன்னது: இரண்டிலிருந்து மூன்று, 34 கிலோமீட்டர், இடி 4. தாமதம் தீர்ந்துவிட்டது, இடி அசையவே இல்லை. எழுதி வைத்திருந்ததால்தான் அது கண்ணில் பட்டது. இதற்கு முந்தைய வாரம் நோட்டு இல்லாமல்தான் தளர்த்திக்கொண்டே போனேன்; பிறகு கேபிளைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துதான் நோட்டோடு தொடங்கினேன்.

எவ்வளவு மிதித்தாலும், மிதிக்காவிட்டாலும் ஒரே வேகத்தில் தாமதமாகத்தான் ஏறுகிறது என்றால் கவர்னரைச் சந்தேகிக்கலாம். அது வீட்டில் பார்க்கிற வேலை இல்லை.

இடிக்கு வேக்யூம்

பழைய பென்ஸ் டீசல்காரர்களுக்கு மட்டும் இது. டீசல் இஞ்சினில் தானாக உறிஞ்சல் வராது என்பதால் தனி வேக்யூம் பம்ப் உண்டு. லேசாக மிதித்திருக்கும்போது மாடுலேட்டருக்கு உறிஞ்சல் போய்ச் சேரும், கியர் மென்மையாக மாறும். ஓங்கி மிதித்தால் உறிஞ்சல் குறையும், கியர் இறுக்கிப் பிடிக்கும். எங்காவது காற்று கசிந்தால்? எப்போதும் ஓங்கி மிதித்த கணக்கில் இடிக்கும்.

கசிவைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி வண்டியிலேயே இருக்கிறது. இந்த மாடலில் கதவுப் பூட்டுகளும், சாவியைத் திருப்பியதும் இஞ்சினை அணைக்கிற ஏற்பாடும் இதே வேக்யூமில்தான் ஓடுகின்றன. சாவியை எடுத்த பிறகும் இஞ்சின் இரண்டு மூச்சு இழுத்துவிட்டு நிற்கிறதா? நான்கு கதவில் ஒன்று பூட்டாமல் சோம்பலாகக் கிடக்கிறதா? கியர் இடிப்பதற்கும் பின்கதவுக்கும் என்ன சம்பந்தம் என்று நானும் சிரித்தேன். கதவுப் பூட்டுக்குப் போகும் கிளைக்குழாயைக் கழற்றி, அந்த ஓட்டையைப் பேனா மூடியால் அடைத்துவிட்டு ஓட்டினேன். இடி 4 என்பது 3 ஆனது.

மிச்சம் எங்கே? இஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு மாடுலேட்டருக்குப் போகும் மெல்லிய குழாயின் முனையைக் கழற்றி விரல் நுனியை வைத்தேன். உறிஞ்சல் இருந்தது, ஆனால் சப்பையாக. குழாயைப் பின்தொடர்ந்து போனால், டாப் கவருக்குப் பின்னால் ஒரு ரப்பர் எல்போ (வளைந்த இணைப்பு). மேலே பார்க்க முழுதாக இருந்தது. வளைத்தால் உள்வளைவில் ஒரு நகக்கீறல் அளவு வெடிப்பு. டேப்பட் வேலையின்போது யாரோ அதை மடக்கி ஓரமாகத் தள்ளியிருக்கிறார்கள். நாற்பது வருஷத்து ரப்பர், வருஷம் முழுக்கக் கொட்டகை வெக்கையில் கிடந்தது, மடக்கினால் அதற்கு வேறு வழியில்லை. எலி கடித்த குழாய்களும் நம் ஊர்க் கொட்டகைகளில் சகஜம், அதையும் பாருங்கள்.

அவசரத்துக்கு டூ வீலர் பெட்ரோல் டியூப் ஒரு துண்டு போட்டேன். இரண்டு நாள் ஓடியது. சூட்டில் டியூப் சப்பிக்கொண்டு உறிஞ்சலை அடைத்தது, மறுபடி இடி. தடித்த சுவருள்ள வேக்யூம் ரப்பரே வேண்டும். வண்டி உதிரிபாகச் சந்தையான சென்னை புதுப்பேட்டைக்குப் போன ஒரு தம்பியிடம் சொல்லி வாங்கினேன்.

குழாயைக் கழற்றும்போது உள்ளே சிவப்பு ஆயில் தெரிந்தால் மாடுலேட்டரின் உள்சவ்வு கிழிந்துவிட்டது. வேக்யூம் பம்ப் கியர்பாக்ஸ் ஆயிலை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. அட்ஜஸ்ட் பண்ணிப் பயனில்லை, மாடுலேட்டரை மாற்றுங்கள்.

மாடுலேட்டரிலும் ஒரு திருகு உண்டு. ரப்பர் மூடியை எடுத்தால் உள்ளே ஆங்கில 'T' வடிவக் கைப்பிடி இருக்கும். வலஞ்சுழியாகத் திருப்பினால் முரடு, இடஞ்சுழியாகத் திருப்பினால் மென்மை. கேபிளும் கசிவும் சரியான பிறகு மட்டுமே இதைத் தொடுங்கள், அதுவும் சிறிது சிறிதாக. கசிவை வைத்துக்கொண்டு இதை மென்மைப் பக்கம் திருப்பியவர், பின்னால் ரப்பரை மாற்றிய நாளில் வழுக்குகிற கியரைச் சம்பாதிப்பார். நான் தொடவே இல்லை. எல்போ மாற்றிய பிறகு நோட்டில் எழுதியது: 34 கிலோமீட்டர், இடி 1. அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பானெட்டின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன், அட்ஜஸ்டரில் தெரியும் மரைக் கணக்கோடு. அடுத்து வருகிற மெக்கானிக் பிக்கப் கூட்டுவதற்கு முன் அதைப் படிக்கட்டும்.

நிறுத்த வேண்டிய இடம்

ஆயில் கறுத்துத் தீய்ந்த வாடை வந்தாலோ, கியர் ஏறும்போது இஞ்சின் தனியாக உறுமினாலோ, சூடான பிறகு ரிவர்ஸ் பிடிக்காமல் போனாலோ கேபிளோடு விளையாட வேண்டாம். பெட்டியைத் திறக்கத் தெரிந்தவரிடம் கொண்டு போக வேண்டியதுதான்.

கொண்டு போகும்போது ஒன்று. பின்சக்கரம் இழுக்கும் இந்த வண்டியைக் கயிறு கட்டி இழுத்துப் போகாதீர்கள். இஞ்சின் ஓடாதபோது கியர்பாக்ஸ் பம்பும் ஓடாது, உள்ளே எல்லாம் ஆயில் இல்லாமல் சுற்றும். மதுரைக்கோ திருச்சிக்கோ போவதென்றால் மேலே ஏற்றிக்கொள்ளும் வண்டி சொல்லுங்கள். அது கிடைக்காவிட்டால் புரோப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றிக் கட்டிவிட்டு இழுங்கள். கழற்றிய போல்ட்டுகளைக் கையோடு ஒரு டப்பாவில் போட்டு டேஷ்போர்டு பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.